பேக்கேஜ் மேனேஜரைப் பிடுங்காதீர்கள்

எம்பெடட் லினக்ஸ் வேலை பார்க்கும் எந்த அணியிடம் கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான் வருகிறது. களத்துக்குப் போகும் கருவியில் பேக்கேஜ் மேனேஜர் இருக்கக் கூடாது. மேசைமேல் வைத்துச் சோதிக்கும் நாட்களில் வசதிக்காக வைத்துக்கொள்ளலாம், உற்பத்தி இமேஜில் எடுத்துவிட வேண்டும். மாற்றம் எவ்வளவு சிறியதானாலும் இமேஜ் முழுவதையும் புதிதாகக் கட்டி, கையொப்பமிட்டு, கருவியில் சும்மா கிடக்கும் இரண்டாவது பார்ட்டிஷனில் எழுதி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். மாநாட்டு மேடைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் வேலைக்கான நேர்காணல்களிலும் இது விவாதம் முடிந்துபோன விஷயமாகவே சொல்லப்படுகிறது. ‘எங்கள் கருவியில் ஓபிகேஜி இருக்கிறது’ என்று ஒரு இளம் பொறியாளர் சொல்லிவிட்டால், அவருக்கு இன்னும் தொழில் பிடிபடவில்லை என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அந்த இளம் பொறியாளர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இரண்டு பார்ட்டிஷன் வைத்து மாற்றி மாற்றிப் பூட் செய்யும் ஏ/பி முறையோடு எனக்குச் சண்டை கிடையாது. கர்னல் மாறும்போதும் அடிப்படை சி லைப்ரரி மாறும்போதும் அதைவிட நம்பகமான வழி இல்லை. புதியது எழும்பவில்லையென்றால் பழையது தானாகத் திரும்பிவரும் என்ற உறுதி, மலைமேல் டவரில் தொங்கும் பெட்டிக்கு மிகப் பெரிய காப்பு. ‘முழு இமேஜ் நல்லது’ என்று தொடங்கி ‘ஆகவே பேக்கேஜ் மேனேஜர் கூடாது’ என்று முடிக்கிறார்களே, அந்த ‘ஆகவே’யைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

எம்பெடட் லினக்ஸ் இமேஜ்களைக் கட்டும் யோக்டோவில் ஒரு இமேஜ் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அதன் பில்ட் கருவியான பிட்பேக் ஒவ்வொரு மென்பொருளையும் கம்பைல் செய்து, அதைப் பேக்கேஜ்களாகப் பிரித்து, டிப்ளாய் அடைவில் அடுக்கிவைக்கிறது. நாம் தேர்ந்தெடுத்ததைப் பொறுத்து அவை ஆர்பிஎம், டெப், ஐபிகே என்ற மூன்றில் ஒரு வடிவில் இருக்கும். பிறகு ரூட் ஃபைல் சிஸ்டத்தைக் கட்டும் கட்டம் வருகிறது. அங்கே காலியான ஒரு அடைவை வைத்துக்கொண்டு, அதனுள் இந்தப் பேக்கேஜ்களை நிறுவுவது வேறு யாருமில்லை, பேக்கேஜ் மேனேஜர்தான். எது எதைச் சார்ந்தது என்று கணக்குப் போடுவதும், நிறுவியபின் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்களை ஓட்டுவதும், எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று எழுதிவைப்பதும் அதுவே. எல்லாம் முடிந்த கடைசி நிமிடத்தில், இமேஜின் வசதிப் பட்டியலில் ‘பேக்கேஜ்-மேனேஜ்மென்ட்’ என்ற வரி இல்லையென்றால், அந்த மேனேஜர் இமேஜுக்குள் வருவதில்லை, அது எழுதிய பதிவேடும் அழிக்கப்படுகிறது. அதாவது, பேக்கேஜே இல்லாத தூய இமேஜ் என்று நாம் கொண்டாடுவது, பேக்கேஜ்களால் கட்டப்பட்டுப் பின்பு தன் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துக்கொண்ட இமேஜ். (பில்ட்ரூட் மட்டும் உண்மையிலேயே வேறு இனம். அது பேக்கேஜ்களை உருவாக்குவதில்லை. உருவாக்கப்போவதுமில்லை என்று அதன் கையேடே காரணத்தோடு சொல்கிறது. சிறிய, ஒரே வேலை செய்யும் கருவிகளுக்கு அந்த முடிவு பொருந்தும்.)

அந்தப் பதிவேட்டின் அருமை 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருக்கிறார்கள் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளியிட்டார். உலகம் முழுக்கச் சிஸ்டம் நிர்வாகிகள் அன்று கேட்ட கேள்வி ஒன்றே: என்னிடம் இருக்கும் லிப்எல்இசட்எம்ஏ (எக்ஸ்இசட்டின் லைப்ரரி) எந்தப் பதிப்பு? டெபியன் இயந்திரத்தில் டிபிகேஜியிடம் கேட்டால் ஒரு வரியில் பதில். பதிவேடு அழிக்கப்பட்ட கருவியில் என்ன செய்வது? பைனரியைத் திறந்து எழுத்துகளைத் தேட வேண்டும், அல்லது பில்ட் சர்வரில் பழைய மேனிஃபெஸ்ட்டைத் தோண்ட வேண்டும்.

‘மேனிஃபெஸ்ட்தான் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும். அது என்ன கட்டினோம் என்பதைச் சொல்கிறது. அந்தப் பெட்டியில் இன்று என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லாது. ஐந்து ஆண்டுகளில் மூன்று வாடிக்கையாளர்களுக்காக மூன்று கிளைகள் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் அவசரத்தில் ஒரு திருத்தம் போய், நடுவில் பில்ட் இயந்திரமும் மாறியிருந்தால், எந்தக் கருவிக்கு எந்த மேனிஃபெஸ்ட் என்று பொருத்திப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். கருவியே தன்னிடம் உள்ளதைச் சொல்லத் தெரிந்திருந்தால் இந்தத் துப்பறிதல் தேவைப்படாது.

பேக்கேஜ் மேனேஜரை நீக்குவதில் முன்னோடிகள் என்று பலர் சுட்டிக்காட்டுவது கூகுளின் டிஸ்ட்ரோலெஸ் கண்டெய்னர்களை. அவற்றில் ஏபிடி கிடையாது, ஷெல்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்.டி என்ற அடைவைப் பாருங்கள். எந்தெந்த டெபியன் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்ற விவரம் அங்கே பத்திரமாக இருக்கிறது. ஓட்டை தேடும் ஸ்கேனர்கள் அதைப் படித்துத்தான் பதில் சொல்கின்றன. நிரலை எடுத்தவர்களும் பதிவேட்டில் கைவைக்கவில்லை. நம் ஊர் அணிகள் டிஸ்ட்ரோலெஸ் பெயரைச் சொல்லி இரண்டையும் அழித்துவிடுகின்றன.

கண்டெய்னர் விஷயத்தில் நான் எதிரணியோடு உடன்படுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேட்டா சென்டரில் ஒரு கண்டெய்னர் காலையில் பிறந்து மாலையில் சாகிறது. அதன் இடத்தில் புதியதை வைப்பதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. அங்கே உள்ளே போய் ஒரு பேக்கேஜை மட்டும் மாற்றுவது வீண் வேலை. இந்தக் கோட்பாடு பிறந்தது அந்தச் சூழலில். அதை அப்படியே தூக்கிவந்து, 2ஜி சிம் போட்டு, பத்தாண்டு ஆயுளோடு, யாரும் எளிதில் தொட முடியாத இடத்தில் மாட்டப்பட்ட பெட்டியின்மேல் சுமத்தியதில்தான் கோளாறு.

அந்தப் பெட்டிக்கு என்னென்ன வரும்? 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்குப் பின்னணியில் இருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த பழைய கருவிகள் புதிய மூலச் சான்றிதழ் கையில் இருந்தும் காலாவதியான சங்கிலியையே பிடித்துக்கொண்டு இணைப்பை மறுத்தன. பலவற்றுக்குத் தீர்வு எளிது: நம்பிக்கைப் பட்டியலிலிருந்து அந்தப் பழைய சான்றிதழை நீக்க வேண்டும். சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற ஒரு சிறிய பேக்கேஜின் வேலை. இன்னொன்று: 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைகால நேர மாற்றத்தைத் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஒத்திவைத்தது, நாட்டில் பாதி அதை ஏற்கவில்லை, சில நாளில் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. நேரமண்டலத் தரவு என்பது சில நூறு கிலோபைட். இதற்கெல்லாம் பல நூறு மெகாபைட் இமேஜைக் கட்டி, முழுச் சோதனைச் சுற்றையும் ஓட்டி, அத்தனை கருவிகளுக்கும் அனுப்பு என்பது, ஓடு ஒன்று உடைந்ததற்காகக் கூரையையே இறக்குவது.

டெல்டா முறை இருக்கிறது, வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாம் என்ற பதில் வரும். அனுப்பலாம்தான். ஆனால் வித்தியாசம் என்றால் எதற்கும் எதற்கும் இடையில்? கருவியில் இருப்பது இன்ன பதிப்பு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் டெல்டா போட முடியும். எந்தக் கணக்குவழக்கு வேண்டாம் என்று பேக்கேஜ் மேனேஜரைத் துரத்தினார்களோ, அந்தக் கணக்குவழக்கு இங்கே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

ஆண்ட்ராய்டைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்காது. முழு இமேஜ், இரண்டு பார்ட்டிஷன் முறையைக் கூகுள் 2016இல் ஆண்ட்ராய்டு 7இல் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டில், ஆண்ட்ராய்டு 10இல், ப்ராஜெக்ட் மெயின்லைன் வந்தது. டிஎல்எஸ் நிரல், டிஎன்எஸ் தேடல், மீடியா பாகங்கள், நேரமண்டலத் தரவு ஆகியவற்றை ஏபெக்ஸ் போன்ற தனித்தனிப் பொதிகளாக்கி, முழு இமேஜுக்குக் காத்திராமல் மாற்றும் வழி அது. முழு இமேஜ் கைபேசி தயாரிப்பாளர்களின் வழியாகப் பயனர் கைக்கு வந்துசேர மாதங்கள் ஆயின. பாதுகாப்புத் திருத்தம் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஏ/பி முறையைக் கைபேசிகளுக்குக் கொண்டுசேர்த்தவர்களே, அதைக் கைவிடாமல், அதன்மேல் பேக்கேஜ் அடுக்கு ஒன்றைத் திரும்ப வைத்தார்கள். இரண்டும் ஒன்றாக வாழும் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அவர்களுடைய வலுவான வாதம் மின்தடை. பாதி நிறுவும்போது கரண்ட் போனால் கருவி அரைகுறையாக நின்றுவிடும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லும் அளவுக்கு இல்லை. டிபிகேஜி ஒரு கோப்பை மாற்றும்போது பழையதன்மேல் நேரடியாக எழுதுவதில்லை; பக்கத்தில் .டிபிகேஜி-நியூ என்ற பெயரில் புதியதை எழுதி, அது வட்டில் உண்மையாகவே பதிந்ததை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றுகிறது. ஆகவே பாதி எழுதிய லைப்ரரி என்ற பயங்கரம் சாதாரணமாக நேராது. நேரக்கூடியது வேறு: நான்கு பேக்கேஜில் இரண்டு மாறி இரண்டு மாறாமல் நிற்கலாம். அதற்கும் விடை உண்டு. ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ்ஸில் டிரான்சாக்‌ஷனல்-அப்டேட் என்ற கருவி, பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்து, அதற்குள் ஸிப்பர் என்ற பேக்கேஜ் மேனேஜரை ஓட்டி, எல்லாம் முடிந்தால் மட்டும் அடுத்த பூட்டில் அதற்கு மாறுகிறது. நடுவில் கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. நம் ஏ/பி கருவிகளிலும் இதையே செய்யலாம்: சும்மா இருக்கும் பார்ட்டிஷனில் இப்போதைய அமைப்பைப் படியெடுத்து, பேக்கேஜ் மேனேஜரை அங்கே ஓட்ட வேண்டும். முழுமையாக மாறு, இல்லையேல் மாறாதே என்ற பண்பு பார்ட்டிஷனிலிருந்தோ ஸ்னாப்ஷாட்டிலிருந்தோ வருகிறது. பேக்கேஜ் மேனேஜர் அதற்குப் பகையாளி இல்லை.

அடுத்து, சேர்க்கைகளின் எண்ணிக்கை. நூறு பேக்கேஜ்கள் தனித்தனியாக மாறினால் எத்தனை சேர்க்கைகளைச் சோதிப்பது என்று கேட்கிறார்கள். களஞ்சியத்தை ஒழுங்கில்லாமல் நடத்துபவர்களுக்கு இது நியாயமான பயம். ஆனால் ஒரு வெளியீட்டுக்கு ஒரு உறைந்த களஞ்சியம் என்று வைத்தால் சேர்க்கைகள் பெருகாது. கருவி 4.2 களஞ்சியத்தில் இருக்கும், அல்லது 4.2.1க்கு முழுதாக நகரும். அதிலிருந்து இரண்டு, இதிலிருந்து மூன்று என்று கலக்க விடாதீர்கள், அவ்வளவுதான். ரவுட்டர்களில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி தன் பயனர்களிடம் எல்லாப் பேக்கேஜ்களையும் மொத்தமாக அப்கிரேட் செய்யாதீர்கள் என்று எச்சரிப்பதை எதிரணி அடிக்கடி மேற்கோளாக எடுத்துவருகிறது. அங்கே படிக்க மட்டுமேயான ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸின்மேல் எழுதக்கூடிய ஓவர்லே இருக்கிறது; புதிய கோப்பு மேலே போய் உட்காரும், பழையது கீழே இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். 16 மெகாபைட் ஃபிளாஷ் உள்ள ரவுட்டரில் அது தாங்காது. அப்படிப்பட்ட கருவிக்கு முழு இமேஜே சரி. 4 ஜிகாபைட், 8 ஜிகாபைட் இஎம்எம்சி வைத்துள்ள தொழிற்சாலைக் கேட்வேக்கு இந்த எச்சரிக்கையைத் தூக்கிவருவதுதான் பொருந்தாது.

தாக்குபவன் உள்ளே வந்தால் பேக்கேஜ் மேனேஜரே அவனுக்கு ஆயுதமாகிவிடும் என்பது இன்னொரு வாதம். அவனிடம் ரூட் இருந்தால் ஆயுதத்தைத் தன்னோடு கொண்டுவருவான். ஸ்டாட்டிக்காகக் கட்டிய ஒரு பைனரி போதும், பிஸிபாக்ஸின் டபிள்யூகெட்டும் அங்கேயே இருக்கிறது. அவனைத் தடுப்பது டிஎம்-வெரிட்டி, படிக்க மட்டுமேயான மவுண்ட், சரியான அனுமதிகள். இவற்றைச் செய்யாமல் ஓபிகேஜியை மட்டும் நீக்கிவிட்டு ‘ஹார்டன்’ செய்துவிட்டோம் என்று ஆவணத்தில் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பூட்டு இல்லாத வீட்டுக்கு அந்த ஆவணம் பாதுகாப்பு ஆகாது.

ஓபிகேஜியிலேயே ஓட்டை இருந்தது உண்மை. சிவிஇ-2020-7982: பேக்கேஜ் பட்டியலில் ஹாஷுக்கு முன்னால் இருந்த ஒரு இடைவெளியைத் தவறாகக் கையாண்டதால், ஓப்பன்டபிள்யூஆர்டியில் பேக்கேஜின் ஹாஷ் சரிபார்ப்பு நடக்காமலே போனது. 2017 பிப்ரவரியிலிருந்து 2020 தொடக்கம்வரை யாருக்கும் தெரியவில்லை. கடுமையான பிழை, நான் அதைச் சிறியதாக்கிப் பேசமாட்டேன். அதே 2020இல், முழு இமேஜ் அப்டேட்டுக்குப் பெயர்பெற்ற ராக்கிலும் சிவிஇ-2020-25860 வந்தது. கையொப்பத்தைச் சரிபார்த்த நொடிக்கும் எழுதத் தொடங்கும் நொடிக்கும் இடையில் கோப்பை மாற்றிவைக்க முடியும் என்பது அதன் சாரம்; 1.5 பதிப்பில் சரிசெய்தார்கள். சரிபார்ப்பு நிரலில் பிழை வருவது இரு முறைகளுக்கும் பொது. ஒன்றைக் காட்டி மற்றதைத் தூய்மையாக்க முடியாது.

இதுவரை சொன்னவை எளிய பகுதி. பேக்கேஜ் மேனேஜரை வெறுப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சரியாகப் பராமரித்துப் பார்க்காதவர்கள் என்பது என் கணிப்பு. இமேஜில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, பின்னால் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு, அது உடைந்ததும் ‘பார்த்தீர்களா’ என்கிறார்கள். அந்தப் பின்வேலை என்ன?

யோக்டோவில் ஒரு ரெசிப்பியில் திருத்தம் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். மூல மென்பொருளின் பதிப்பு மாறவில்லை, அது 1.2.4தான். பேக்கேஜும் 1.2.4-ஆர்0 என்ற பழைய பெயரிலேயே வெளிவருகிறது. கருவி களஞ்சியத்தைப் பார்க்கிறது, அதே பதிப்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறது. இதற்காகத்தான் பிஆர் சர்வர் இருக்கிறது. பேக்கேஜின் உள்ளீடு மாறும்போதெல்லாம் அது ஆர்0.1, ஆர்0.2 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். இந்த எண்களை அது ஒரு சின்ன எஸ்க்யூலைட் கோப்பில் வைத்திருக்கிறது. பில்ட் இயந்திரத்தை மாற்றும்போது அந்தக் கோப்பைக் கொண்டுவர மறந்தால் எண்ணிக்கை அடியிலிருந்து தொடங்கும். களத்தில் ஆர்0.14 ஓடும் கருவிக்குப் புதிய திருத்தம் ஆர்0.1ஆகத் தெரியும், பழசு என்று ஒதுக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அப்கிரேட் கட்டளை அமைதியாக முடியும். பாதுகாப்புத் திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பிட்பேக்-பிஆர்செர்வ்-டூல் என்ற கருவியில் இந்தத் தரவை ஏற்றுமதி செய்து வைக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் அதைச் செய்து, மூலநிரலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது ஒரு நிமிட வேலை. கட்டிமுடித்ததும் பேக்கேஜ்-இண்டெக்ஸை ஓட்டுவதும் அப்படித்தான். அதை விட்டால் பேக்கேஜ் அடைவில் இருக்கும், பட்டியலில் இருக்காது.

கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விலையைக் குறைக்கப் பேட்டரியோடு கூடிய ஆர்டிசி சிப்பை விட்டுவிட்ட பலகைகள் ஏராளம். கரண்ட் வந்ததும் கருவி வருடக்கணக்கில் பின்தங்கிய ஒரு தேதியில் விழித்துக்கொள்கிறது. நெட்வொர்க் நேரம் வந்து சேர்வதற்குள் ஏபிடி ஓடினால், களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, அது எதிர்காலத்தில் எழுதப்பட்டது என்று மறுத்துவிடும். மறுப்பதில் தவறில்லை; பழைய பட்டியலைத் திணிக்கும் தாக்குதலைத் தடுக்கத் தேதிகளைப் பார்க்கத்தான் வேண்டும். கடைசியாகத் தெரிந்த நேரத்தை எழுதிவைத்து மீட்கும் சிறு ஏற்பாடு சிஸ்டம்டியிலேயே உண்டு. ரூட்டைப் படிக்க மட்டுமேயாக்கும்போது அந்தக் கோப்புக்கு எழுதும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அமைப்புக் கோப்புகளையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். களத்தில் யாரோ மாற்றிய கோப்பைக் கண்டால் டிபிகேஜி நின்று, உங்களுடையதை வைக்கவா, புதியதை எடுக்கவா என்று கேட்கும். மலைமேல் இருக்கும் பெட்டியில் பதில் சொல்ல யாரும் இல்லை. பழையதை வைத்துக்கொள் என்ற விருப்பத்தை அமைப்பிலேயே எழுதிவிட வேண்டும். கையொப்பச் சாவியும் காலாவதியாகும். டெபியன் தன் சாவிகளையே ஒரு பேக்கேஜாக்கி, பழைய சாவி உயிரோடு இருக்கும்போதே புதியதை அனுப்பிவிடுகிறது. அதை அப்படியே பின்பற்றினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, களஞ்சியம் உங்களுடையதாக இருக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதன் மிரர் பட்டியல் சர்வரும் நின்றது. அந்த முகவரியை அப்படியே சுமந்திருந்த இமேஜ்கள் மறுநாளே யம் கட்டளையில் திகைத்து நின்றன. பேக்கேஜ்கள் எங்கும் போய்விடவில்லை, வால்ட் என்ற காப்பக முகவரியில் பத்திரமாகவே இருந்தன. பத்தாண்டு ஆயுள் உள்ள பொருளைச் செய்துவிட்டு, இன்னொருவர் இலவசமாக நடத்தும் முகவரியை அதற்குள் எழுதிவைத்தது யார் தவறு? சொந்த டொமைனில் ஒரு பெயர், அதற்குப் பின்னால் ஒரு நிலையான கோப்பு சர்வர். கையொப்பமிட்ட பேக்கேஜ்களுக்கு வேறெதுவும் தேவையில்லை.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. முழுக் கடமைகளும் 2027 டிசம்பர் 11 முதல். மென்பொருளில் அடங்கிய பாகங்களின் பட்டியலை இயந்திரம் படிக்கும் வடிவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தொழில்நுட்பரீதியாக இயலும் இடங்களில் பாதுகாப்புத் திருத்தங்களைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. புதிய திரை, புதிய வசதி, ஓப்பன்எஸ்எஸ்எல் திருத்தம் மூன்றையும் ஒரே இமேஜில் கட்டி ‘எல்லாவற்றையும் எடு, இல்லையேல் ஒன்றுமில்லை’ என்று அனுப்பும் பழக்கம் இங்கே இடிக்கிறது. சென்னையிலோ கோவையிலோ செய்த கருவியானாலும், அங்கே விற்றால் இந்த விதி பொருந்தும்.

அதே சட்டத்தின்படி 2026 செப்டம்பர் 11 முதல், தங்கள் பொருளில் உள்ள ஒரு ஓட்டையை யாரோ பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தால், தயாரிப்பாளர் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கையையும், 72 மணி நேரத்தில் விரிவான அறிவிப்பையும் தர வேண்டும். அந்த 24 மணி நேரத்துக்குள், களத்தில் இருக்கும் கருவிகளில் எவற்றில் அந்த லைப்ரரியின் அந்தப் பதிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பதிவேட்டை அழித்துவிட்டு இமேஜைக் கட்டும் அணிகள், அடுத்த பில்டுக்கு முன்னால், இதற்கு யாரிடம் போய்க் கேட்கப் போகிறோம் என்பதை எழுத்தில் வைக்கட்டும்.